பத்துக் கையெழுத்து

1

தேர்தல் அலுவலகச் சுவரிலிருந்து உருவிக்கொண்டு வந்த கதை இது. ஒட்டியிருந்த பட்டியலில் ஒரு பெண் பெயர். பக்கத்தில் ‘மாற்று வேட்பாளர்’. அமராவதி என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன்.

முதல் வரி: ‘விடியற்காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு அமராவதி—’

(வேண்டாம். சாமியிடம் பேரம் பேசுகிறவள் இல்லை அவள்.)

நல்லூர்க்காரி. கட்சியின் மகளிரணி. மூன்று நாடாளுமன்றத் தேர்தலாகக் கட்சி வேட்பாளர் சிவசுப்பிரமணியம் அண்ணனுக்கு மாற்றாக மனுக் கொடுத்தவள். மாற்று மனுவுக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். அண்ணன் மனு ஏற்கப்பட்டதும் இவள் மனு தானாக உயிர்விடும். மூன்று முறையும் விட்டது.

இம்முறை பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். பத்துப் பேரும் மண்ணரை பனியன் கம்பெனியில் அவளோடு தைக்கிற பெண்கள். பத்து இருந்தால் மனு சுயேச்சையாகப் பிழைத்துக்கொள்ளும். பிழைத்துக்கொண்டது.

(தெரிந்து செய்தாளா? டஜனில் எண்ணிப் பழகிய கை ஒன்றோடு நிற்கவில்லையா? வரைவுக்கு வரைவு மாற்றிவிட்டேன்.)

2

வாபஸ் வாங்கக் கடைசி நாள். மூன்று மணி கெடு. இரண்டரைக்கு, அலுவலகத் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம் சிவசுப்பிரமணியம் வாபஸ் படிவத்தை நீட்டினார்.

“ஏனுங்கம்மிணி, உங்களுக்கு என்ன கொறை வெச்சோம்?”

“கொறையெல்லாம் வெக்கலீங்ண்ணா. எடமுந்தான் வெக்கல.”

“மூணுல ஒரு பங்கு பொம்பளைங்களுக்குன்னு சட்டமே வந்துருச்சுங்களே. பொறுங்க.”

“டெலிவரி தேதி போடாத ஆர்டருங்ண்ணா அது. அத நம்பி நீங்க நூலு வாங்குவீங்களா?”

அவரும் பனியன் ஏற்றுமதிக்காரர்தான், சிரித்துவிட்டார். பிறகு அதே மரியாதையோடு, “கையெழுத்துப் போடலைன்னா நாளைக்குக் கட்சியில நீங்க இல்லீங்க,” என்றார். படிவத்தை அவள் மடியில் வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

3

இருபது வருடமாக நல்லது கெட்டதெல்லாம் அவளுக்குக் கட்சிதான். கணவன் செத்தபோது பந்தல் போட்டதும் கட்சி.

பத்துப் பேரையும் போனில் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஷிப்ட் நேரம், கம்பெனி வாசலில் வாங்கிவைத்த போன்களெல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அலறி ஓய்ந்திருக்கும். வாட்ச்மேன் மட்டும் கேட்டிருப்பார்.

4

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறாள். (மிகச் சுலபமாக எழுத வந்தது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இரண்டு: லட்சம் ஓட்டில் ஜெயித்து டெல்லிக்கு— (இந்தச் சரக்கை நீங்களே திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.)

மணி இரண்டு ஐம்பது. விலகத்தான் கையெழுத்து வேண்டும். நிற்பதற்கு ஒன்றும் எழுத வேண்டாம். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவ்வளவு நேரம் தனியாகச் சும்மா உட்காருவது லேசில்லை.

என் பேனாவை மூடிவிட்டேன். அவள் பக்கத்து நாற்காலி காலிதான், உட்காருங்கள். உங்களிடம் அவள் பேனா கேட்டாலும் கேட்பாள்.