நாலு கியர் பெட்டி

சோலையம்மாளின் விலை எட்டரை லட்சம். கம்பெனி ஐந்தரை, அரசாங்கம் மூன்று. பட்டாசு ஷெட் வெடித்த நாலாம் நாள், துக்கத்துக்குப் போட்ட பந்தலைக்கூட இன்னும் பிரிக்காத வாசலில் நின்று அவள் புருஷன் முத்துக்கருப்பன் கையெழுத்துப் போட்டான். ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவில்லை. அதே வெடியில் செத்த இன்னொருத்தி வீட்டார் வக்கீலோடு போய்ப் பத்து வாங்கினார்கள். அது தெரிந்த நாளிலிருந்து அவன் கத்தரிக்காய்க்கும் பேரம் பேசாமல் நகர்வதில்லை.

எனக்கு இந்தச் சேதி உபயோகமாக இருந்தது. விருதுநகரில் காயலாங்கடை வைத்திருக்கிறேன். பழைய கார்களைப் பிரித்து இன்ஜின் தனி, கதவு தனி என்று விற்பவன். என் அப்பா வத்தல் மண்டியில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியவர். வந்தவன் எதை வாங்க வந்தான் என்று எங்கள் வீட்டில் பார்க்க மாட்டோம். எதை ஜெயிக்க வந்தான் என்று பார்ப்போம்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஆமத்தூரிலிருந்து அவன் கார் புகை கக்கிக்கொண்டே வந்து சேர்ந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடத்து வண்டி, எண்ணூறு சிசி. அதில்தான் தினமும் ஆறு பெண்களைப் பட்டாசு கம்பெனிக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தான். முன் சீட்டில் மகள் செல்வலட்சுமி. தாய் செத்த வெடியில் வெந்து பிழைத்தவள். வலது கை விரல் நாலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிப்போயிருந்தன.

"என்னய்யா, கொசு மருந்து அடிக்கிற வேலையும் எடுத்திருக்கியா?"

"இன்ஜின் போச்சு அண்ணாச்சி. நல்லதா ஒண்ணு குடுங்க. அடுத்த செவ்வாக்கிழம மதுரை போகணும்."

மதுரையில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒரு தடவை முகாம். வெளியூர் டாக்டர்கள் இரண்டு நாள் வந்து, வெந்து ஒட்டிய தோலைப் பிரித்து வைப்பார்கள், இலவசமாக. காலை ஏழு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர். செல்வலட்சுமியின் கைக்கு அது ஒன்றுதான் வழி.

மெக்கானிக் சிவபாண்டி பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். என் கடைத் தாழ்வாரத்தில் வாடகை இல்லாமல் பட்டறை வைத்திருப்பவன்.

"இந்த இன்ஜினையே சிலிண்டரைக் கடைஞ்சு, போர் அடிச்சு ஏத்தினா பதினெட்டாயிரம். ஆனா ஆறு பேர் லோடுக்கு ரெண்டு வருசம் தாங்காது. பின்னாடி அடிபட்ட ஆயிரம் சிசி வண்டி ஒண்ணு இங்கன கிடக்கு. இன்ஜினும் அஞ்சு கியர் பெட்டியும் சோடியா எடுத்து மாத்திட்டா, அஞ்சாறு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்."

"சோடி எம்புட்டு?"

"நாப்பத்திரண்டு" என்றேன்.

முத்துக்கருப்பனிடம் முப்பத்தைந்துதான் இருந்தது. சட்டைப்பையின் புடைப்பிலேயே எனக்குத் தெரிந்தது. எட்டரை லட்சத்தில் கடனும் ஆஸ்பத்திரியும் போக மிஞ்சியது அவ்வளவுதான். முப்பது கேட்டான். நான் சிரித்தேன். முப்பத்திரண்டு என்றான். நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். எழுந்து போனான். எங்கள் கடைக்கு மூன்று படி. மூன்றாவது படியில் இறங்கும்போது கூப்பிட வேண்டும்.

"முத்துக்கருப்பா, உன் பழைய நாலு கியர் பெட்டி நல்லாத்தானே இருக்கு? பெட்டியை விட்டுட்டு இன்ஜினை மட்டும் எடு. எட்டாயிரம் கழிச்சுக்கிடுதேன். முப்பத்திநாலு."

திரும்பிய முகத்தைப் பார்த்தேன். எட்டாயிரம் ஒரே அடியில் குறைந்திருந்தது. அந்த வருடத்தில் அவன் ஜெயித்தது அது ஒன்றுதான்.

அன்று காலைதான் காரியாபட்டிக்காரர் ஒருவர் அந்த ஐந்து கியர் பெட்டியை மட்டும் பதினாலாயிரத்துக்குக் கேட்டு ஐந்நூறு முன்பணம் தந்துவிட்டுப் போயிருந்தார். அதை நான் சொல்லவில்லை.

சிவபாண்டி கையைத் துடைத்தான். "அண்ணாச்சி, நாலு கியர் பெட்டி சின்ன இன்ஜினுக்குச் செஞ்சது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தட்டு கடைஞ்சு போட்டாச் சேரும். சேருறது வேற, தாங்குறது வேற."

"உன் பட்டறை என் தாழ்வாரத்துல சேந்துதானே இருக்கு? தாங்கலையா?" என்றேன். அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

செல்வலட்சுமி ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அப்பா, சோடியாவே வாங்குவோம். மிச்சத்தை மாசாமாசம் குடுத்துருவோம். ஒத்தைச் செருப்பு விலை கம்மின்னா வாங்குவீகளா?"

"நீ சும்மா இருத்தா. அண்ணாச்சி எறங்கி வந்திருக்காரு."

முப்பத்திநாலை எண்ணி வைத்தான். மூன்று நாளில் வண்டி தயார். எடுக்க வந்தபோது, திங்கட்கிழமையே மதுரைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கட்டுமா என்று கேட்டான். "புது இன்ஜின் போட்டிருக்க. ரூமுக்கு எதுக்குத் தண்டம்?" என்றேன். எண்ணூறு ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டான். திங்கட்கிழமை வரைக்கும் ஆறு பெண்களையும் ஏற்றி ஓட்டினான்.

செவ்வாய் காலை ஆறே காலுக்கு ஃபோன். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, கள்ளிக்குடி தாண்டி நிக்குதேன். கீழ டமார்னு ஒரு சத்தம். இன்ஜின் நல்லா ஓடுது. வண்டிதான் நகரல."

"பெட்டி போயிருக்கும்."

"பிள்ளை பக்கத்துல இருக்கா. என்ன செய்ய?"

நான் வாயைக் கொப்பளித்தேன். "வேன் ஏதாச்சும் பிடி" என்றேன்.

பஸ் நிற்கவில்லை. வேன் கிடைக்க ஏழே கால் ஆனது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது எட்டே கால். அவள் பெயரை ஏழு ஐம்பதுக்கே கூப்பிட்டு, கோடு போட்டு அடித்துவிட்டு, அடுத்த பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாளும் வராண்டாவில் காத்திருந்தார்கள். வேறு யாரும் வராமல் போகவில்லை, இடம் காலியாகவில்லை.

சனிக்கிழமை கடைக்கு வந்தான். சண்டைக்கு என்று நினைத்து, கடைப் பையன்கள் கேட்காதபடி அவர்களை டீக்கு அனுப்பினேன்.

"அஞ்சு கியர் பெட்டி கிடக்கா அண்ணாச்சி?"

"போயிருச்சு."

"எம்புட்டுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "பதினாலு."

விரல் விட்டு எண்ணினான். "எனக்கு எட்டுதான் கழிச்சீக. அப்ப ஆறு."

கல்லாவைத் திறந்து ஆறாயிரத்தை எடுத்து வைத்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து விரித்தான். இடது கையால் எழுதப் பழகுகிறவளின் கோணல் எழுத்து. வரி வரியாக வாசித்துக் கூட்டினான். பிறகு நோட்டுகளில் எண்ணிப் பிரித்து, என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"நம்ம செலவு இம்புட்டுத்தான்."

"வச்சுக்கோய்யா."

"வேணாம்."

"அடுத்த தைக்கு முகாம் வரும்லா?"

"அதுக்குள்ள விரல் மூட்டெல்லாம் இறுகிரும், வரவேணாம்னுட்டாக." துண்டை உதறித் தோளில் போட்டான். "வாரேன் அண்ணாச்சி."

மூன்று படியையும் இறங்கிப் போனான். நான் கூப்பிடவில்லை. கணக்கு நோட்டை எடுத்து அவன் பெயர் இருந்த பக்கத்தில் எழுதினேன்.

பெட்டியில் கிடைத்த லாபம் 6,000. வண்டி இழுத்த கூலி 2,200. மதுரைக்கு வேன் 1,400. திரும்ப பஸ், இரண்டு டிக்கெட் 140. உடைந்த பெட்டியைக் கழற்ற சிவபாண்டி கூலி 1,900. ஆக, முத்துக்கருப்பனுக்குக் கொடுத்தது 5,640. மீதி, கடைக்கு 360.