செல்லியின் ஐந்து குட்டிகள்

உச்சிமாகாளி வீட்டில் செல்லி என்ற கன்னி ஜாதி வேட்டை நாய் ஈன்ற ஐந்து குட்டிகளையும் ராயகிரிக்குள் இன்றுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஐந்து என்பது செல்லியின் காம்புகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு. ஐந்து காம்புகள் எந்நேரமும் ஈரமாக இருந்தன.

உச்சிமாகாளி போலீசில் ஏட்டாக ஓய்வுபெற்று, ஊரில் இன்ஸ்பெக்டராக வாழ்ந்துவந்தார். அவர் குடும்பத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால், வீட்டு நாய் ஈன்ற கன்னிக்குட்டி ஒன்றும் சீதனமாகக் கூடவே போக வேண்டும். வெளியே வாங்கிக் கொடுத்தால் கௌரவக் குறைவு. மகள் முத்துச்செல்விக்கு வந்த மாப்பிள்ளைகளில் ஒருவனுக்குப் பாட்டனாரின் ஊர் சரியில்லை, இன்னொருவனுக்கு மூக்கு சரியில்லை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் இலத்தூர் இசக்கிமணி பட்டாளத்திலிருந்து லீவில் வந்து பெண் கேட்டபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. உச்சிமாகாளிக்கும் குறை எதுவும் அகப்படவில்லை. குட்டிதான் இல்லை. கல்யாணம் செல்லியின் வயிற்றை நம்பி நின்றது.

"நாயெல்லாம் வேண்டாம் மாமா. முத்துச்செல்விய மட்டும் அனுப்புங்க, போதும்" என்றான் இசக்கிமணி.

"பொண்ண மட்டும் அனுப்ப இது என்ன கூரியர் ஆபீசாலே?"

செல்லிக்குத் தடுப்பூசி போட்டு, பூச்சிமருந்து கொடுத்து, தினமும் ஈரல் வேகவைத்துப் போட்டார்கள். சிவகிரியில் ஒரு ஆண் நாய் அமைந்தது. இரண்டுக்கும் ஜாதகம் எழுதிப் பொருத்தம் பார்த்தார் உச்சிமாகாளி. செல்லி பருவத்துக்கு வந்தபோது கால்நடை டாக்டர் ஜெஸி வந்து பார்த்தார். "கசிவு வெளுத்துட்டு. வாலையும் ஒதுக்கிக் குடுக்குது. இன்னைக்கோ நாளைக்கோ சேத்துருங்க அண்ணாச்சி, விட்டா அடுத்த பருவம்தான்."

"இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. அடுத்த வாரந்தான் முகூர்த்தம்."

"நாய்க்கு என்னப்பா அஷ்டமி? நாளு போயிரும்" என்றாள் முத்துச்செல்வி.

"ஏட்டி, நாளு பாக்க எனக்குத் தெரியும், போ."

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை நாய் மாலையோடு காரில் வந்து இறங்கியது. செல்போனில் நாதஸ்வரம் வைத்தார்கள். செல்லி தரையோடு உட்கார்ந்துகொண்டு, கிட்டே வந்ததன் காதைக் கடித்தது. வெட்கப்படுகிறது என்று விளக்கம் சொன்னார் உச்சிமாகாளி.

பிறகு செல்லியின் வயிறு உப்பியது, மடியில் பால் கட்டியது. டாக்டர் ஜெஸி அழுத்திப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை, இது பொய்ச்சினை, சில நாய்களுக்கு வரும், தானாக வற்றிவிடும் என்றார். வற்றவில்லை. ஒரு மத்தியானம் செல்லி சாக்கின் மேல் படுத்து முக்கியது. வெறும் சாக்கை நக்கி நக்கிச் சுத்தம் செய்தது. கீச்சுக் குரல்கள் கேட்டன. ஜெஸி மறுபடி வந்து, ஸ்டெதாஸ்கோப்பை இங்கும் அங்கும் வைத்துக் கேட்டுவிட்டு, ஐந்துக்கும் பூச்சிமருந்து எழுதிக் கொடுத்தார்.

இசக்கிமணி மறுபடி லீவில் வந்தபோது இலத்தூர்க்காரர்கள் குட்டி பார்க்க வந்தார்கள். இசக்கிமணி குனிந்து காற்றைத் தடவினான். ஏதோ அவன் விரலைக் கடித்தது. "நல்ல குட்டி மாமா, இதையே தாங்க" என்றான். முத்துச்செல்வி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நெறம் பாக்காம எப்படிலே தர? கலப்பா இருந்துட்டா நாளைக்கு எம்பேரு என்னாவுறது?"

இசக்கிமணியின் லீவு முடிந்தது. அடுத்த லீவில் அவனுக்குக் கடையத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. அன்றும் முத்துச்செல்வி ஐந்து குட்டிகளுக்கும் சோறு பிசைந்து வைத்தாள், தட்டுகள் காலியாயின. பின்னர் செல்லி செத்தது. குட்டிகள் வளர்ந்தன. போஸ்ட்மேனின் கெண்டைக்காலில் பல் பதிந்ததோடு ஊருக்கும் பழகிவிட்டது. முத்துச்செல்விக்குக் காதோரம் நரைத்தது. பெண் கேட்டு யாரும் வரவில்லை.

போன சீசனில் அப்பாவும் மகளும் குற்றாலம் போனார்கள். ஒரு நாயும் கூடப் போனது. ராயகிரி மழைக்குத் தெரியாதது குற்றாலத்துச் சாரலுக்குத் தெரிந்திருந்தது. அருவிக்கு முன்னால், அவள் பிடித்திருந்த வாரின் முனையில் துளித்துளியாக ஒரு நாய் உருவாகி நின்றது: ஒட்டிய வயிறு, நீண்ட முகம், கறுப்பு உடம்பு, கண்களுக்கு மேலே பொன்னிறப் பொட்டுகள்.

"ஏட்டி, பாத்தியா! சுத்தக் கன்னி! துளி கலப்பு உண்டா? நான் அன்னைக்கே சொன்னேம்லா?" என்று உச்சிமாகாளி கூட்டத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஆமாப்பா" என்றாள் முத்துச்செல்வி. குளிர்ந்து நடுங்கிய நாயை முந்தானையால் துவட்டினாள். துவட்டிய இடமெல்லாம் மறைந்தது. முகத்தைக் கடைசியாகத் துவட்டினாள்.

தென்காசி பஸ்ஸில் கண்டக்டர் காலை ஒதுக்கி இடம் விட்டு, இரண்டு ஆளுக்கும் ஒரு நாய்க்கும் டிக்கெட் கிழித்தார்.