பச்சை டிக்

கடைகளின் வரிக்கணக்கு பார்க்கும் அந்த ஆபீசுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கணக்கு எழுதுகிறவர் சிவப்பு மையில் டிக் போட வேண்டும். இரண்டாவதாகச் சரிபார்க்கிறவர் பச்சையில். சைக்கிள் கடை மாடியில், கால் ஆடும் ஒற்றை மேசையோடு தொழில் தொடங்கிய நாளிலிருந்து சிவப்பு தங்கைக்கு, பச்சை அண்ணனுக்கு. வாடிக்கையாளர்கள் அவருக்கு ‘பச்சை சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

இன்று துணிக்கடைக்காரர் வந்து காட்டுக் கத்தல் கத்தினார். தையல்காரரிடம் தைக்கக் கொடுத்திருந்த துணி, கடையின் இருப்புக் கணக்கில் இரண்டு இடத்தில் ஏறியிருந்தது. ஏட்டில் லாபம் ஊதிப்போய், கட்ட வேண்டாத வரியைக் கட்டியிருக்கிறார்.

“நான்தாங்க எழுதினேன். என் தப்புதான்” என்றாள் தங்கை.

“சார், முதல்ல இவங்கள மாத்துங்க. இல்லேன்னா நான் ஆபீச மாத்திக்கறேன்.”

“பாத்துக்கறேன்” என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார்.

உண்மை வேறு. “இந்த எடத்த மட்டும் நல்லாப் பாருண்ணே, எனக்கே சந்தேகமா இருக்கு” என்று கணக்கு எழுதிய அன்றைக்கே அவள் சொல்லியிருந்தாள். அவருக்கோ கண்ணில் புரை; எழுத்தெல்லாம் புகைமூட்டம். வெளியே தெரிந்தால் பச்சைப் பேனா கையைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில், குத்துமதிப்பாக டிக் போட்டுத் தள்ளியிருந்தார். இப்போது கூடப்பிறந்தவள் தலைகுனிந்து நிற்க, பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றார். வெட்கங்கெட்ட நிற்பு அது. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

கடைக்காரர் போனதும் பேனாவை அவளிடம் நீட்டினார். “இனிமே பச்சையும் நீயே வெச்சுக்கோம்மா.”

“எதுக்கு? அடுத்த தப்புக்கும் நானே நிக்கறதுக்கா?”

சுருக்கென்று தைத்தது. போனை எடுத்தார். கடைக்காரரின் விசிட்டிங் கார்டைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். கடைசியில் அவளிடமே நீட்டினார்.

“நம்பரைக் கொஞ்சம் படி.”

அவள் அவர் கண்களையே பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. மெதுவாகப் படித்தாள்; அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

“தம்பி, தப்பு என்னுது. அவ சந்தேகம்னு சொல்லியும் பாக்காம டிக் போட்டேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ரொம்ப மாசமாவே.”

 மறுமுனையில் கடைக்காரர் கோபமில்லாமல் கேட்டார்: “அப்ப மத்தவங்க கணக்கெல்லாம், சார்?”

போனை வைத்துவிட்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். அலமாரி நிறைய இந்த வருஷத்து ஃபைல்கள் இருந்தன. தங்கை முதல் ஃபைலை இறக்கினாள். அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் படிக்கறேன். நீ கேளு.”