கை நீட்டியவருக்குக் கொடுத்த சைக்கிள்

சேறு பூசிக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே முகம்தான். சேற்று வயலில் சைக்கிள் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயத்தில் இரண்டு சுற்று முடிந்துவிட்டால் யார் தன் பிள்ளை, யார் அடுத்த வீட்டுப் பிள்ளை என்று பெற்றவளுக்கே தெரியாது. இது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தாள்.

அக்கா சைக்கிள் மெக்கானிக். கண்ணைக் கட்டிவிட்டாலும் செயினைத் தொட்டே அது யார் வண்டி என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள். தம்பி ஓட்டும் பந்தயங்களுக்கெல்லாம் பிட்டில் நிற்பவள் அவள்தான். பிட் என்பது பாதையோரம் கயிறு கட்டிப் பிரித்த இடம். சேறு அப்பிய சைக்கிளை ஓட்டி வருகிறவன் அங்கே அதைப் போட்டுவிட்டு, தன் ஆள் நீட்டும் கழுவிய சைக்கிளில் தாவி ஏறிப் போவான். அவன் மறுபடி சுற்றி வருவதற்குள் போட்டதைக் கழுவித் தயாராக வைக்க வேண்டும். மாற்றுவதற்கு நாலு விநாடி கிடைத்தால் அதிகம். முகம் பார்க்கவெல்லாம் நேரமில்லை, கை நீண்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அன்று நடுப்பகலிலும் பனிமூட்டம் விலகவில்லை. கயிற்றுக்கு அப்பால் நிற்பவர்கள் உற்சாகப்படுத்த மணியடிக்கும் சத்தம் வந்ததே தவிர ஒரு ஆளும் தென்படவில்லை. முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் தம்பிக்கு அணியில் இடம் உறுதி. அவன் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான்.

மூன்றாவது சுற்றில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு உருவம் வந்தது. ஹெல்மெட்டிலிருந்து ஷூ வரை சேறு. சைக்கிளைப் போட்டது, கையை நீட்டியது. அக்கா கழுவி வைத்திருந்த, சேற்றுக்கென்றே செய்த கிராஸ் பைக்கைக் கொடுத்தாள். அது ஏறிப் போய்விட்டது. தம்பியாக இருந்தால் போகிற போக்கில் ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போவான். இது வாயே திறக்கவில்லை. களைத்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டு அவள் தண்ணீர்க் குழாயை எடுத்தாள்.

சேறு உதிர உதிர டயரை விரலால் தடவிப் பார்த்தாள். பெருவிரல் அகலத்துக்கு வழவழவென்று டயர். கிராஸ் பைக் டயரில் பல்பல்லாக ரப்பர் இருக்கும், காற்றைக் குறைத்து வைத்திருப்பதால் அழுத்தினால் அமுங்கும். இது கல்லாக இருந்தது. கிராஸ் பைக்கில் டயருக்கும் சக்கரத்தைத் தாங்கும் முன் கவைக்கும் நடுவே விரல் தாராளமாகப் போய்வரும். சேறு வழிந்து வெளியேற வேண்டுமே. இதில் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. சாலையைத் தவிர வேறெதையும் அறியாத ரோடு பைக். இந்த வயலில் இறக்கினால் நூறடி போவதற்குள் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். இதுவோ ஓடி வந்திருக்கிறது.

ஹேண்டில்பாரைக் கழுவினாள். அதில் சுற்றிய கறுப்பு நாடா வலப்பக்கம் போதாமல் போய், நாலு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற நாடாவால் ஒட்டுப்போட்டிருந்தது. அவள் கையால் போட்ட ஒட்டு. அவள் கணவரின் சைக்கிள். இரண்டு வருடத்துக்கு முன்பு, மலையிறக்கத்தில் ஈரமான வளைவில் அவர் வழுக்கி லாரிக்கு அடியில் போனபோது மூன்று துண்டாகிப்போன சைக்கிள். அந்தத் துண்டுகளை அவளேதான் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வந்தாள்.

அவர் விழுந்த அன்று காலையில் தூறிக்கொண்டிருந்தது. "ரோடெல்லாம் ஈரமா இருக்கு, உன் தம்பியோட கிராஸ் பைக்க எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் கழுவி வெச்சேன். உங்களோடதுலயே போங்க."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அவர் உயிரோடு திரும்பவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து அவள் அழாத நாள் கிடையாது.

"அக்கா!"

தம்பி ஓடி வந்துகொண்டிருந்தான். தோளில் சைக்கிள், அதன் பின் கியர் ஒடிந்து தொங்கியது. குரலைக் கேட்டுத்தான் அவன் என்று தெரிந்தது. "இன்னொன்ன குடு, சீக்கிரம்."

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"மாமாவுக்கு."

அவன் காதில் அது ஏறவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடக்கூடிய இரண்டு சக்கரம். "இது எவனோடதா இருந்தா என்ன, குடு. ரெண்டு சுத்துதான் பாக்கி."

"டேய், இது ரோடு பைக்குடா. குளத்துப் பக்கச் சரிவுல பிரேக் பிடிச்சா நிக்காது. டயர் மண்ணப் பிடிக்காது."

"நான் பாத்துக்கறேன். விடு."

அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தான். ஈரமான சரிவு, அடியில் ஒரு வளைவு, இந்த சைக்கிள். அக்காவுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. நாடா வெட்டும் கத்தியை எடுத்து டயரில் செருகினாள். வெடித்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பைத்தியமா உனக்கு? ஒரு வருஷமா இதுக்காக உயிர விட்டிருக்கேன்." தம்பியின் குரல் உடைந்தது.

அப்போது அந்த உருவம் மறுபடி வந்தது. இறங்கி, கிராஸ் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. தம்பி அதைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "தேங்க்ஸ்ண்ணே," என்று தாவி ஏறி மூட்டத்துக்குள் போய்விட்டான்.

உருவம் ரோடு பைக்கைப் பார்த்துக் கையை நீட்டியது. டயர் கிழிந்திருப்பது அதற்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அக்கா சைக்கிளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"இதுல போக வேணாங்க. எதுலயும் போக வேணாம். இங்கயே இருங்க."

நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது.

அவள் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து அந்த முகத்தைக் கழுவத் தொடங்கினாள். சேறு வழிந்தது. அதற்கடியிலும் சேறு. உள்ளங்கையால் துடைத்தாள். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சேறு, கன்னம் இருக்க வேண்டிய இடத்திலும் சேறு. அவள் விடாமல் கழுவினாள்.

நாலாவதாக வந்துவிட்டேன் என்று கத்திக்கொண்டே தம்பி திரும்பி ஓடிவந்தபோது, பிட்டில் அந்த உருவம் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஈரச் சேறு குவிந்து கிடந்தது. அக்கா அதன்முன் மண்டியிட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுடா," என்றாள். "இன்னும் முகம் வரல."