நிறைத்தால் நிற்கும் படகு

டேங்கை விளிம்புவரை நிறைத்தால் படகு ஏழு நிமிடத்தில் நின்றது. பாதி மட்டும் ஊற்றினால் அரை மணி நேரம் ஓடியது.

அழகுத்தாய் இதை இரண்டு நாளாகத் தன் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைத்து ஓட்டியது: ஏழு. பாதி ஊற்றி ஓட்டியது: முப்பத்திரண்டு. நம்பாமல் மறுபடி நிறைத்து ஓட்டியது: ஆறரை. கடம்பூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் பதினாறு வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருப்பவள் அவள். சைக்கிளிலிருந்து டிராக்டர் வரை எத்தனையோ வண்டிகள் அவள் கைக்கு வந்து போயிருக்கின்றன. பெட்ரோல் கூடக்கூட ஓட்டம் குறைகிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறாள்.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. நின்றுபோன எஞ்சினுக்கு அவள் வைத்தியம் எதுவும் பார்ப்பதில்லை. டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பாள், இருக்கும். மூடியைத் திருகிவிட்டு, டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் இருக்கிற ரப்பர் உருண்டையை நான்கு தடவை அமுக்கிக் கயிற்றை இழுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். எட்டு ஒன்பது நிமிடம் கழித்து மறுபடி நிற்கும்.

"ரெஸ்ட் கேக்குது போல," என்றான் அவள் புருஷன் மாரிச்சாமி. "மாடுகூட நடுவழியில நின்னு மூச்சு வாங்கும்லா?"

"இரும்புக்கு என்னத்துக்குங்க மூச்சு?" என்றாள் அவள்.

விளையாட்டுக்கு ஓட்டுகிற படகாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் கண்மாய்க்கு அக்கரையில், மேட்டுப் புஞ்சையின் பாறைத் திட்டில், அவர்களுடைய மக்காச்சோளக் கதிர் முழுவதும் ஒடித்துக் குவித்துத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரி வள்ளிமயிலின் குவியலும் சேர்த்தால் அறுபது மூட்டை தேறும். ஒடித்து முடித்த மறுநாளே மார்கழி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் ஊற்றியதில் கண்மாய் பெருகி, மாட்டுவண்டிப் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. சுற்றிப் போகலாமென்றால் பதினான்கு கிலோமீட்டரும் கரிசல். காய்ந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நனைந்ததோ, தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடும். நடந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ மண் ஏறிக்கொள்ளும். டிராக்டர் போனால் அச்சு வரை இறங்கிவிடும். அதை இழுக்கப் போகிற டிராக்டரும் இறங்கும்.

போன வருடமும் இதே கதைதான். பாதை காய்ந்து போய்ப் பார்த்தபோது கதிர்களுக்குள்ளேயே சோளம் முளைத்துப் பச்சை மீசை விட்டிருந்தது. ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. அன்றைக்கு அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே, "மண்ணுல போக முடியலைன்னா தண்ணியில போவோம்," என்று அழகுத்தாய் சொன்னதை மாரிச்சாமி ஆற்றாமைப் பேச்சு என்றுதான் நினைத்தான். ஆடி மாதத்தில் அவள் அவனையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையூர் ஒன்றுக்குப் படகு பார்க்கப் போய்விட்டாள்.

பதினான்கு அடி ஃபைபர் படகு. பின்னால் மாட்டுகிற சின்ன எஞ்சின். ஏழெட்டு வருடம் ஓடியது. பழைய பொருள் வாங்கும்போது சொல்லை நம்பக் கூடாது என்பது அவள் வழக்கம். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டையைக் குமிழி காட்டிக் கொடுக்கும். படகை அப்படி அமுக்க முடியாது. அதனால் அவள் கணக்கைத் திருப்பிப் போட்டாள். படகை இரண்டு மரத்தாங்கிகளின் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெளியே குனிந்து சாக்பீஸோடு காத்திருந்தாள். இரண்டு இடத்தில் துளிர்த்தது. வட்டம் போட்டுக் காட்டினாள். விற்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டே ஃபைபர் ஒட்டிக் கொடுத்தார். எஞ்சினை டிரம் தண்ணீரில் இறக்கி இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது இழுப்பில் எடுத்தது.

குட்டியானை லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் பெட்ரோல் வாடை அடித்தது. எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பார்த்தால், டேங்க் மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. குலுங்கும்போதெல்லாம் அதன் வழியே துளித்துளியாக வந்திருக்கிறது. இத்தனை வருடம் இதைக் கவனிக்காமல் எப்படித்தான் ஓட்டினார்களோ என்று நினைத்துக்கொண்டாள். ரப்பர் ஒட்டுப் போட்டால் பெட்ரோலில் ஊறிக் கழன்றுவிடும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் பிசைந்து ஒட்டுகிற எபாக்சிப் பசையை வைத்து மழமழவென்று பூசினாள். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

ஆடியிலிருந்து மார்கழி வரை கண்மாயில் ஆடுகள் மேய்ந்தன. படகு கடைக்குப் பக்கத்தில் வேம்படியில் குப்புறக் கிடந்தது. அதன் கீழே கோழிகள் குடியேறின. எதிரே டீக்கடை வைத்திருக்கும் சோலைராஜ் ஒரு நாள்கூட விடவில்லை.

"என்ன அழகு, கப்பல் எப்பக் கெளம்புது?"

"டிக்கெட் போட்டு வைங்க அண்ணாச்சி, சொல்லுதேன்."

இப்போது தண்ணீர் வந்தது, படகு இறங்கியது, ஏழு நிமிடத்தில் நின்றது. கண்மாய்க் கரையில் பாதி ஊர் கூடி நிற்க, மாரிச்சாமி கம்பு ஊன்றித் தள்ளிக் கரை சேர்த்தான். ஊன்றிய கம்பை அடிச்சேறு விட மறுத்ததில் அவனும் ஒரு தடவை தண்ணீருக்குள் போய் வந்தான்.

மூன்றாம் நாள் காலையில் அவன் கெஞ்சாத குறையாகச் சொன்னான்: "ஏட்டி, பாதி ஊத்துனா அரை மணி நேரம் ஓடுதுல்லா? நமக்கு அது போதும். ஊத்திக்கிட்டுப் போயி மூட்டைய ஏத்துவோம். நாளை விட்டா மொளைச்சிரும்."

"ஏன் நிக்குதுன்னு தெரியாத வண்டியில மூட்டைய ஏத்த மாட்டேன்," என்றாள் அழகுத்தாய். "வெறும் படகு அரை மணி நேரம் ஓடுச்சு. அஞ்சு மூட்டையும் ரெண்டு ஆளும் ஏறுனா எத்தன நிமிசம்னு ஒங்களுக்குத் தெரியுமா? கொண்டல் எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாருங்க."

மாரிச்சாமி பார்த்தான். காற்று, உபரித் தண்ணீர் வழிந்து போகிற கலுங்குப் பக்கமாக அடித்தது. அங்கே கண்மாய் நிறைந்து, மறுகால் வெள்ளம் இடி மாதிரிச் சத்தம் போட்டு விழுந்துகொண்டிருந்தது. நடுக்கண்மாயில் எஞ்சின் நின்றால் சுமையோடு இருக்கிற படகைக் கம்பு ஊன்றி நிறுத்த முடியாது. அவன் பெட்ரோல் கேனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் டேங்கை நிறைத்துக்கொண்டு தனியாகக் கரையோரமாகவே வட்டமடித்தாள். ஏழாவது நிமிடம் நின்றது. தள்ளிக் கரைக்கு வந்து படியில் கட்டினாள். வள்ளிமயில் அங்கே உட்கார்ந்திருந்தாள். மழையில் நனைந்த பருத்தியைப் பறித்து வந்து, மடியில் போட்டு ஈரப் பஞ்சையும் காய்ந்த பஞ்சையும் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெல்லாம் அக்கரைத் தார்ப்பாயின் மேல்தான்.

"என்ன மதினி, படகு இன்னைக்கும் படுத்துக்கிட்டாளா?"

"படுத்துக்கிட்டா," என்று சொல்லிக்கொண்டே அழகுத்தாய் மூடியைத் திருகினாள். வழக்கம்போல் உஸ்ஸென்று ஒரு சத்தம். வெயிலில் நின்ற பைக்கின் மூடியைத் திறந்தாலும் இதே சத்தம் வரும். சூட்டில் பொங்கிய பெட்ரோல் ஆவி வெளியே ஓடுகிற சத்தம். அதனால் அதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்ததில்லை. ஆனால் இந்தத் தடவை, வள்ளிமயிலின் மடியிலிருந்து காற்றில் கிளம்பிய ஓர் இணுக்குப் பஞ்சு மூடிப் பக்கம் வந்தது. ஆவி வெளியே வந்தால் பஞ்சு பறந்து போயிருக்க வேண்டும். அது போகவில்லை. மூடியின் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு, பாதி உள்ளே இழுபட்டு நின்றது.

அழகுத்தாயின் கை அப்படியே நின்றது.

"வள்ளி, கொஞ்சம் பஞ்சு தா."

எஞ்சினை மறுபடி எடுத்து, படியில் கட்டியபடியே ஓட விட்டாள். அது தானாக நின்றதும் குழாய் நடுவே இருந்த ரப்பர் உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள்; சப்பிய மாங்கொட்டை மாதிரி ஒடுங்கியிருந்தது. பிறகு மூடியைச் சுற்றிப் பஞ்சை மெல்லிசாகப் பரப்பி வைத்து ஒரு கால் திருகு திருகினாள். உஸ். சுற்றியிருந்த பஞ்சு முழுவதும் மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. சப்பிய மாங்கொட்டை மாதிரி ஒடுங்கியிருந்தது.

பதினாறு வருடமாக அவள் பார்த்ததெல்லாம் வெளியே போகிற காற்று. டியூபுக்குள் அடைத்த காற்று எந்த ஓட்டை கிடைத்தாலும் வெளியே ஓடப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் அவள் தொழில். இங்கே காற்று உள்ளே போகத் தவித்துக்கொண்டிருந்தது. சோலைராஜின் டீக்கடையில் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தால், குளுக்கென்று ஒரு குமிழி கேனுக்குள் ஏறும். போன தண்ணீரின் இடத்துக்கு வருகிற காற்று அது. அந்தக் காற்று வராவிட்டால் தண்ணீரும் வராது. இந்த டேங்கிலும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச உள்ளே இடம் காலியாகிறது. இரும்பு டேங்க் பலூன்போல் சுருங்காது. வெளியிலிருந்தும் காற்று வர வழியில்லை. உள்ளே கொஞ்சநஞ்சம் இருக்கிற காற்று, அந்தக் காலி இடத்தையும் சேர்த்து நிரப்ப நீண்டு நீண்டு மெலிகிறது. ஓர் அளவுக்கு மேல் அதுவே பெட்ரோலைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. எஞ்சின் பசியில் நின்றுவிடுகிறது.

இப்போது சுவரில் எழுதியது தானாக விளங்கியது. டேங்க் நிறைந்திருந்தால் மேலே இருக்கிற காற்று ஒரு கை அளவுதான். அது ஏழு நிமிடத்தில் மெலிந்துவிடும். பாதி டேங்க் என்றால் மீதிப் பாதியும் காற்று. அது மெலிய அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று அவள் மூடியைத் திறந்தபோது, தெரியாமலே காற்றை உள்ளே விட்டிருக்கிறாள். அதனால்தான் உடனே ஓடியிருக்கிறது.

அவள் மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் மழமழவென்று, நகம் பதியாத அளவுக்கு நேர்த்தியாக, அவள் கையால் போட்ட பூச்சு.

"என்ன மதினி, ஒங்களுக்குள்ளயே சிரிக்கிய?"

"என் கைவேல அவ்வளவு சுத்தம்டி," என்றாள் அழகுத்தாய்.

கடைக்குப் போய்க் கோணூசியை எடுத்துவந்தாள். பூச்சு லேசில் விடவில்லை. மூன்று தடவை குத்தித் திருகியபின் சூரியன் ஊசி முனை அளவுக்குத் தெரிந்தது. டேங்கை விளிம்புவரை நிறைத்தாள். கரையோரமாகவே சுற்றினாள். ஏழு நிமிடம் போயிற்று. பத்து போயிற்று. கரையில் நின்ற மாரிச்சாமி கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமாகச் சத்தம் போட்டுச் சொன்னான். முப்பதைத் தாண்டியபோது கூட்டமும் அவனோடு சேர்ந்து எண்ணியது. ஐம்பதில் அவளே எஞ்சினை அணைத்தாள். அவள் அணைத்து அது நின்றது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு நொடியும் வீணாக்கவில்லை. இரண்டு பக்கமும் காற்றடைத்த லாரி டியூபுகளைக் கட்டினார்கள். ஒரு நடைக்கு ஐந்து மூட்டை. அக்கரையில் வள்ளிமயில் தார்ப்பாயை விலக்கிக் கதிரை உரித்துப் பார்த்தாள். மணி மஞ்சளாக, கல் மாதிரி இருந்தது. முளை இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு நடை. மறுநாள் காலையில் ஐந்து நடை. ஒவ்வொரு நடையிலும் படகு கலுங்குக்கு எதிரே காற்றைக் கிழித்துக்கொண்டு நேர்கோடாக வந்தது. கரையில் மூட்டை இறக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கேலி பேசியவர்களே முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று தோள் கொடுத்தார்கள்.

அறுபதாவது மூட்டை கரை ஏறியபோது சோலைராஜ் ஒரு பொட்டலம் கடம்பூர் போளியோடு வந்து நின்றார். கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன், கப்பல் நெசமாவே கெளம்பிருச்சே," என்றார். "எனக்கும் ஒரு ரவுண்டு உண்டா?"

"டிக்கெட் எடுத்தாச்சா அண்ணாச்சி?"

அவர் போளிப் பொட்டலத்தை நீட்டினார். அழகுத்தாய் வாங்கி மாரிச்சாமியிடம் கொடுத்துவிட்டு, படகில் நகர்ந்து இடம் விட்டாள். சோலைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஏறிய பிறகும் அவருக்கு ஒரு சந்தேகம்.

"மூணு நாளு அப்படி நின்னுச்சே, என்னதான் கோளாறு? நடுவுல நின்னுராதுல்லா?"

"நிக்காது அண்ணாச்சி," என்று சொல்லி, அழகுத்தாய் மூடியின் நடுவிலிருந்த ஓட்டையை விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்த ஓட்டைய நாந்தான் அடைச்சு வச்சிருந்தேன். இப்பத் தொறந்துட்டேன். பெட்ரோல் போற எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வந்தா ஓடும்."