மெருகு எடுத்த கிட்டார்

கிட்டாரை விற்றுவிடுவது என்று ஜெகதீஸ்வரன் தானாகவே முடிவு செய்துவிட்டான். வாங்குகிறவன் சேலத்திலிருந்து பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்ததும், அழைத்துவரத் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். வண்டிச் சத்தம் தேய்ந்ததுதான் தாமதம், அவன் மனைவி சௌந்தர்யா கிட்டாரைப் பையிலிருந்து உருவினாள்.

ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போன இடத்தில் இரும்புக் குழாய்களுக்கு நடுவே சிக்கி ஜெகதீஸ்வரனின் இடது கை நசுங்கியிருந்தது. விரல்கள் தப்பின. கட்டைவிரலின் அடியில் மட்டும் தொடைத் தோலை எடுத்து வைத்துத் தைத்தார்கள். ஊர் திரும்பியதும் ஆசையாகக் கிட்டாரை எடுத்தான். பளபளவென்று வார்னிஷ் பூசிய அதன் கழுத்தின் பின்பக்கம், கட்டைவிரல் ஓட வேண்டிய இடத்தில், அந்தப் புதுத்தோல் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. பவுடர் பூசிப் பார்த்தான், அதுவும் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தது. அன்றோடு கிட்டார் பைக்குள் போனது, அவனும் வாயை மூடிக்கொண்டான். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட ராகம் போட்டுக் கேலி செய்த மனுஷன், இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். கிட்டாரும் வாசலைத் தாண்டிவிட்டால் இந்த ஆள் மொத்தமாகக் கையை விட்டுப் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம்.

மெருகை எடுத்துவிட்டால் கை ஓடும். ஓடாவிட்டாலும் மங்கிப்போன கிட்டாரை எவன் வாங்குவான்? இப்படித்தான் கணக்குப் போட்டிருந்தாள் மகராசி.

பிறந்த வீட்டில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறை இருந்தது. தேய்ப்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற இடங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, உப்புத்தாளை நனைத்துக் கழுத்தின் பின்பக்கத்தைத் தேய்த்தாள். துடைத்துப் பார்த்தால் சுழி சுழியாகக் கீறல்! லாரிக் கதவைத் தேய்க்கிற பழக்கத்தில் கை வட்டம் போட்டிருந்தது. அண்ணன் வெங்கடாசலத்துக்குப் போன் போட்டாள்.

"அது என்ன லாரியா, சுத்திச் சுத்தித் தேய்க்க? இருக்கறதுல சன்னமான தாளை எடுத்து நீளவாக்குல தேயி. அழுத்தாத. மரம் தெரிஞ்சுதுன்னா போச்சு, பாத்துக்க."

நீளமாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கீறல் மறைந்து மங்கலாக வந்தது. நன்றாக வருகிறதா, நாசமாகப் போகிறதா என்றே தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசி டேப்பை உரிக்கும்போது வாசலில் வண்டி நின்றது.

ஜெகதீஸ்வரன் உள்ளே வந்தான். தரையில் வெள்ளைப் பொடி, மடியில் கிட்டார்.

"என்ன பண்ணிப் போட்ட? என்னைய ஒரு வார்த்தை கேக்காம?"

"நீங்க மட்டும் விக்கறதுக்கு என்னையக் கேட்டீங்களா மாமா?"

கிட்டார் வாங்க அவன் பின்னால் வந்த சபரிநாதன் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். கச்சேரிகளில் வாசிக்கிற பையன். சங்கடத்தை மறைக்கக் கிட்டாரை வாங்கிக் கழுத்தில் கையை ஓட்டினான். ஒருமுறை ஓட்டியவன் விடாமல் மேலும் கீழும் ஓட்டினான்.

"அண்ணா, பட்டுத்துணி மாதிரி இருக்குதுங்க! கை நிக்கவே மாட்டேங்குது. நானே எடுத்துக்கறனுங்க."

சௌந்தர்யாவுக்குப் பகீரென்றது. விற்காமல் இருக்கச் செய்த வேலை, விற்றே தீரும் வேலையாகிவிட்டது. தன் கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"குடுங்க தம்பி, பையில போட்டுத் தாரேன்," என்றான் ஜெகதீஸ்வரன். இடது கையால் கழுத்தைப் பிடித்து வாங்கினான். பையின் ஜிப்பைத் திறந்தவன் அப்படியே நின்றான். கட்டைவிரலை மெல்லக் கீழே தள்ளினான். அது போனது. மேலே இழுத்தான். அதுவும் வந்தது.

கட்டிலில் உட்கார்ந்தான். கம்பியை அழுத்தி மீட்டினான். சத்தம் கர்ண கடூரமாக இருந்தது. விரலை மாற்றி மறுபடி அழுத்தினான், மறுபடியும் அபசுரம். நெற்றியில் நரம்பு புடைத்தது. நிறுத்துவான் என்று அவள் பார்த்தாள், நிறுத்தவில்லை.

"அண்ணா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுதுங்க…" என்று இழுத்தான் சபரிநாதன்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இது விக்கறதுக்கில்லீங்க."

பையனின் முகம் விழுந்துவிட்டது. பாவம்தான். ஆனால் சௌந்தர்யாவுக்கு அவனைப் பார்க்கத் தோன்றவில்லை. புருஷன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதுங்களா மாமா?"

"உசுரு போகுது புள்ள," என்று சொல்லிச் சிரித்தான் ஜெகதீஸ்வரன். கையை எடுக்கவில்லை.