மூன்று நிமிடம் படி ஏறுதல்

சின்னது பாயில் வாந்தி எடுத்த காலையோடு வீட்டில் உடற்பயிற்சி செய்யும் எண்ணத்தை அவள் தலைமுழுகினாள்.

பாய் புதிது. வாங்கிப் பத்து நாளாகியும் ரப்பர் வாடை போகவில்லை. போனில் ஓடிய வீடியோவில் ஒட்டிய வயிறோடு ஒருத்தி, "அம்மாக்களே, அஞ்சே நிமிஷம்!" என்று பல் முழுவதையும் காட்டினாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சோபா, வெள்ளைத் திரை, ஒரு பூந்தொட்டி. அந்த வீட்டில் ஒரு குழந்தை ஒரு மணி நேரம் இருந்திருந்தால்கூட அந்தச் சோபா அப்படி இருந்திருக்காது.

இவள் குப்புறப் படுத்துக் கையை ஊன்றி எழுந்தபோது, மூன்று வயதுச் சின்னது ஈரக் கால்சட்டையோடு முதுகில் ஏறி "குதிரை, குதிரை" என்று குதித்தது. ஆறு வயதுப் பெரியவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, உன் வயிறு தரையைத் தொடுது" என்று செய்தி வாசிப்பதுபோலச் சொன்னான். குதிரை இரண்டு தடவைதான் ஆடியது. சின்னது குடித்திருந்த பால் மொத்தமும் இவளுடைய பின்கழுத்தில் சூடாக இறங்கி, காதோரம் வழிந்து பாயில் சொட்டியது. வீடியோக்காரி, "சூப்பர்! இன்னும் பத்து!" என்றாள்.

புளித்த நாற்றம் முடியிலிருந்து போக மூன்று முறை தலைக்கு ஊற்ற வேண்டியிருந்தது. பாய் குப்பைக்குப் போனது.

அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். டிப்போவில் ஓட்டுநர்களுக்கு வருடத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் படி. ஓர் அடி உயர மரப்பெட்டி மேல் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். உடனே உட்காரவைத்து ஒரு நிமிடம் நாடி எண்ணுவார்கள். நூற்றி இருபதைத் தாண்டினால் ஆறு வாரம் வண்டியைத் தொடக் கூடாது. வண்டி கழுவும் கொட்டகையில் பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பதினொன்று வரை வேலை. ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. அதிலும் தவறினால் கொட்டகைதான் கதி.

அந்த நேரம்தான் அவள் கழுத்தைப் பிடித்தது. அவளுடைய கணவன் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவனும் அதே டிப்போ ஓட்டுநர். நாற்பத்தொரு வயதில், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவன், பாதி முகத்தில் நுரையோடு குளியலறையில் விழுந்தான். அதற்குப் பிறகு பெரியவன் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்: "நீ எப்ப வருவ?" தினமும் மாலை ஐந்தரைக்கு வந்துவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ஐந்தே முக்காலுக்கு வந்தால் அவன் கதவுக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பான். அழ மாட்டான். அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விளையாடப் போவான்.

பரிசோதனைக்கு ஏழு வாரம் இருந்தது. மாடிப்படி இரண்டு ஏறினாலே அவளுக்கு மூச்சு முட்டியது. இரண்டு பிரசவம், பன்னிரண்டு வருட ஓட்டுநர் இருக்கை, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம், எல்லாம் இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருந்தன. ஸ்டியரிங் திரும்பும்போது வயிற்றில் உரசியது. கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிப் பார்த்தவள், வேறு யாரோ குளிக்கும்போது எட்டிப் பார்த்தவளைப்போல் முகத்தைச் சுளித்துச் சட்டையை இறக்கிக்கொண்டாள்.

ஸ்டோர்காரர்தான் முதலில் வழி சொன்னார். உதிரி பாகங்களுக்குக் கையெழுத்து வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர். அவளைக் கண்டதும் திருகாணி டப்பா ஒன்றைத் திறந்தார். திருகாணிகளுக்கு அடியில் மாத்திரை அட்டை.

"எதுக்கும்மா உடம்பைப் போட்டு வதைக்கிற? படி ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இதுல பாதியைப் போட்டுக்க. இதயம் பூனைக்குட்டி மாதிரி தூங்கும்."

"என்ன மாத்திரைண்ணே இது?"

"பேரா முக்கியம்? இந்த டிப்போவுல பாதிப் பேரு என் கையாலதான் பாஸ் ஆகறாங்க." அழுக்கெண்ணெய் ஏறிக் கறுத்த கட்டைவிரல் நகத்தால் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். "உன் வீட்டுக்காரருக்குப் பாதி பத்தல. முழுசா கேட்டு வாங்கிட்டுப் போனாரு. தொண்ணூத்தி ரெண்டு! வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு, தெரியுமா?"

பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பவரின் முகம் அவருக்கு. அவளுக்கு வாயெல்லாம் உமிழ்நீர் ஊறியது. வாந்தி வருவதற்கு முன் ஊறுமே, அது. 'தகுதி' என்று நீல முத்திரை குத்திய அவனுடைய சான்றிதழ் பீரோவில் இருந்தது. அந்தத் தேதிக்கும் அவன் விழுந்த நாளுக்கும் நடுவே பதினோரு வாரம். படியில் அந்த இதயம் திணறியிருந்தால் யாராவது அதைப் பார்த்திருப்பார்கள். திணற விடாமல் இவர் தூங்கவைத்திருக்கிறார். அவனும் கேட்டு வாங்கியிருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வேணாம்ண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். கையில் படவே இல்லாத மாத்திரைக்காகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வீட்டில் இடமில்லை, நேரமில்லை. பிறகு எங்கே? கடைசி நிறுத்தத்தில் வண்டி பதினான்கு நிமிடம் நிற்கும். கழிப்பறைக்குப் போய் வந்தால் மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பது நிமிடத்தை அவள் பிடித்துக்கொண்டாள். முன்வாசலில் மூன்று படி ஏறி, நடுவழியே நடந்து, பின்வாசலில் மூன்று படி இறங்கி, வண்டியோரமாக வந்து மறுபடியும் முன்வாசல். முன்னால் ஏறிப் பின்னால் இறங்குவதுதான் ஒழுங்கு என்று பன்னிரண்டு வருடமாகப் பயணிகளைப் பார்த்துக் கத்தியவளுக்கு, வேறு மாதிரி ஏறி இறங்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் மட்டும் பார்த்திருந்த வண்டியின் வயிற்றுக்குள் இப்போது அவள் நடந்தாள். இருக்கைக் கம்பிகளில் காய்ந்த சளி. மெல்லும் மிட்டாயைத் துப்பிக் காலால் தேய்த்த கறுப்பு வட்டங்கள். யாரோ கடித்து ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவைத்த நகத்துண்டுகள். மழை நாளில் எல்லாம் சேர்ந்து ஊறி நனைந்த நாய் வாடை அடித்தது. மூச்சு வாங்க வாங்க அந்தக் காற்றைத்தான் வாய் நிறைய உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. ஆரோக்கியம் என்பது இதுதானாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து வண்டி ஓட்டுபவன் இளையவன், வாய் அதிகம்.

"அக்கா, நீங்களே ஓட்டி நீங்களே ஏறி இறங்கறீங்க. டிக்கெட் எடுத்தீங்களா?"

"உன் வண்டியில ஏறினா வாந்தி வருதுடா. அதான் என் வண்டியில ஏறறேன்."

"எத்தனை கிலோ குறைஞ்சுது?"

"உன் மூளை அளவுக்கு. தராசுல தெரியவே மாட்டேங்குது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஏழு வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

வீட்டில் சிரிக்க ஆளில்லை. கீழ்த்தளத்தில் நாத்தனார், கணவனுடைய அக்கா. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அழைத்து வருவதும் மாலைவரை பார்த்துக்கொள்வதும் அவள்தான். அவள் இல்லாவிட்டால் இவளுக்கு வேலையே இல்லை. அதனால் அவள் வாயையும் சேர்த்தே பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. புது ஓட்டக் காலணியைப் பார்த்த அன்று நாத்தனார் கையிலிருந்த துணியை உதறிவிட்டுக் கேட்டாள்:

"யாருக்காம் இந்த இளைப்பு?"

"டெஸ்டு வருது அண்ணி."

"எல்லாருக்கும்தான் வருது. என் தம்பி போய் வருஷம்கூடத் திரும்பல. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அந்தச் சொல்லில் இருந்த பிசுபிசுப்பை அவள் கழுத்திலேயே உணர்ந்தாள். மாத்திரையைப் பற்றி நாக்கு நுனிவரை வந்தது. தம்பி என்றால் நாத்தனாருக்கு உயிர். விழுங்கிக்கொண்டாள். காலையில் அரைமணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அன்று கேட்பதற்காகத்தான் கீழே இறங்கி வந்திருந்தாள். கேட்கவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. மருத்துவ அறையில் நர்ஸ் மட்டும் இருந்தாள். மரப்பெட்டி மூலையில் கிடந்தது; அதன்மேல் கோப்புகள் ஓர் அடுக்கு, கோப்புகளின்மேல் நர்ஸின் சாப்பாட்டுப் பை. கண் முடிந்தது, காது முடிந்தது, அழுத்தம் கொஞ்சம் ஏறத்தான் இருந்தது. பிறகு நர்ஸ் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்கம்மா. நூத்திப் பதினாலுன்னு போட்டுடறேன்."

"இன்னும் ஏறவே இல்லையே சிஸ்டர்."

"எதுக்கு ஏறணும்? ரெண்டு சின்னக் குழந்தைங்க, தனி ஆளு. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்மா." பேனா ஏற்கனவே ஒன்று என்ற இலக்கத்தை எழுதியிருந்தது. "உங்க வீட்டுக்காரர் போன வருஷம் என்ன அழகா ஏறினாரு! மூச்சுகூட வாங்கல. நல்லவங்களுக்குத்தான் இப்படி ஆகுது."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். உட்கார்ந்தால் முடிந்தது. ஐந்தரைக்கு வீடு, கதவுக்குப் பின்னால் பெரியவன். முக்கால்வாசி உட்கார்ந்தும்விட்டாள். நர்ஸின் கண்ணில் ததும்பிய இரக்கம், சாப்பாட்டுப் பையிலிருந்து வந்த முட்டை வாடை, மேசைமேல் 'தகுதி' முத்திரைக்கான நீல மை டப்பா, எல்லாம் சேர்ந்து அவளை எழுப்பிவிட்டன. இவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். நல்லவர்களாக இருந்தே அவனை அனுப்பிவைத்தார்கள். நாளைக்கு இவள் விழுந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் இதே இரக்கத்தைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார்கள்.

"அந்த ஃபைலையெல்லாம் எடுங்க சிஸ்டர். நான் ஏறறேன்."

ஏறி இறங்கும் வேகத்தைக் காட்ட நர்ஸ் முடுக்கிவிட்ட கருவி டக் டக் என்று தாளம் போட்டது. வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கால் கீழே, இடது கால் கீழே. அரை நிமிடத்திலேயே தான் செய்த தவறு புரிந்துவிட்டது. பெட்டியில் முன்பக்கம் இறங்க இடமில்லை, சுவர். முகம் திருப்பாமல் பின்னோக்கித்தான் காலை இறக்க வேண்டும். பேருந்தில் யாரும் அப்படிப் பின்னோக்கி இறங்குவதில்லை. அவளும் ஒருநாள்கூட இறங்கியதில்லை. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அதைவிட மோசம், ஒவ்வொரு மூன்று படிக்கும் இடையே வண்டியின் நீளம் முழுக்க நடந்து, தனக்கே தெரியாமல் ஏழு வாரமும் இளைப்பாறிக்கொண்டிருந்திருக்கிறாள். இங்கே நடக்க வழி இல்லை. மேலே, கீழே, மேலே, கீழே. மூக்கு ஒழுகியது. துடைக்கக் கை எடுத்தால் தாளம் தப்பும். உப்பாக உதட்டில் இறங்கியதை நக்கிக்கொண்டே ஏறினாள். மூன்று நிமிடம் முழுக்க ஏறினாள்.

நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். நூற்றி முப்பத்தொன்று.

"மீதி நம்பரை நான் இன்னும் எழுதலம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். "என்ன போடட்டும்?"

"வந்ததைப் போடுங்க."

அன்று மாலை பெரியவனை மடியில் உட்காரவைத்து, ஆறு வாரம் ஐந்தரைக்கு வர முடியாது என்றாள். அவன் மடியிலிருந்து இறங்கினான். "பொய் சொன்ன" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

நாத்தனார் சொன்னாள். அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி சொன்னாள். "அந்த நர்ஸம்மாவே பாஸ் போடறேன்னு சொல்லியும் வேணாம்னுட்டு வந்தியா? உனக்குப் பைத்தியமா? ராத்திரி வரைக்கும் இதுங்களை யாரு பாக்கறது? உன் ரோஷத்துக்கு என் முதுகா கிடைச்சுது?"

"ரோஷம் இல்ல அண்ணி. அவரு அப்படித்தான் பாஸ் ஆனாரு." மாத்திரை, திருகாணி டப்பா, தொண்ணூற்றி இரண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

நாத்தனாரின் கை நின்றது. நுரை முழங்கைவரை வழிந்தது.

"செத்தவன் மேல பழி போடாத" என்றாள். "போ இங்கேர்ந்து."

மூன்று நாள் பேச்சில்லை. இரவு அவள் வேலையிலிருந்து வரும்வரை நாத்தனார் மேலே வந்து பிள்ளைகளோடு படுத்திருப்பாள். இவள் தலை தெரிந்ததும் முகம் பார்க்காமல் இறங்கிப் போவாள். கொட்டகை நாற்றம் இவளுடைய தலையணைவரை வந்தது. பதினொன்றுக்கு வேலை முடிந்து வந்து படுத்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்.

நான்காம் நாள், விடிந்தும் விடியாததுமாகப் பூட்டில் சாவி திரும்பியது. நாத்தனார், தலைகூட வாராமல்.

"காலையில படி ஏறிப் பழக உனக்கு எத்தனை நிமிஷம் வேணும்?"

தூக்கக் கலக்கத்தில் அவளுக்குப் புரியச் சிறிது நேரமானது. "அரைமணி அண்ணி."

"ஒரு மணி எடுத்துக்க." நாத்தனார் சின்னதின் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டாள். இவளைப் பார்க்காமலே பேசினாள். "நேத்து அந்த ஸ்டோர்காரனைப் போய்ப் பாத்தேன். ஆமாம்மா, உங்க தம்பிக்கு நான்தான் குடுத்தேன்னு சிரிக்கறான். டப்பாவைத் திறந்து காட்டறான். உங்களுக்கும் படபடப்பு இருக்கா, ஒண்ணு தரட்டுமான்னு கேக்கறான்." வாயில் எதுவோ பட்டதுபோல் உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். "தூ!"

சின்னது உதைத்துக்கொண்டு புரண்டது.

"இது எழுந்தா என்ன கேக்கும்?"

"பால். பாதிக்கு மேல குடுக்காதீங்க, கக்கிடும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். என் முகத்துல என்ன எழுதியிருக்கு, நின்னு படிக்கற? அந்தப் புது ஷூவை மாட்டிக்கிட்டுப் போ."